மார்கழி மழை, வாரநாள் இரவு: இன்று உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?

கோண்டாவில் அக்கா | புதன், இரவு 8.10

யாழ்ப்பாணச் சாப்பாடு என்று எழுத உட்காருகிறவர்கள் நண்டுக் கறியையும் ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் கூழையும்தான் எழுதுகிறார்கள். படம் பிடிப்பதும் அவற்றைத்தான். அவை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, விருந்தினர் வந்தால் ஆகும் சாப்பாடு. மார்கழியில் ஒரு புதன்கிழமை, ஆறு மணிக்கே இருட்டிவிட்ட பிறகு, வேலை முடிந்து வந்த ஒருத்தி நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு, வீட்டில் இருப்பதை வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஆக்கி இறக்கும் சாப்பாட்டை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. எங்களை வளர்த்து ஆளாக்கியது அந்தச் சாப்பாடுதான். அதை எழுதி வைக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

ஆகவே கேட்கிறேன்: இன்றிரவு உங்கள் வீட்டில் என்ன? சமைத்ததோ, கடையில் வாங்கியதோ, மத்தியானத்து மிச்சமோ, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் குரக்கன் புட்டும் முசுட்டை இலை வறையும். குரக்கன் மா தனியே என்றால் இந்த ஈரத்தில் களிபோல ஆகிவிடும் என்று பாதிக்குப் பாதி வறுத்த சிவப்பரிசி மா சேர்த்தேன். கொதிநீரை ஒரேயடியாக ஊற்றாமல் அகப்பைக் காம்பால் கிளறிக் கிளறிச் சேர்த்து, பிறகு பால்பேணி விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தேன். குழலில் அவித்தால் வேலை சுருக்கம்தான், ஆனால் பனையோலை வாசம் மாவில் ஏறுவது பெட்டியில் மட்டும்தான்.

முசுட்டை எங்கள் பின்வேலியில் தானாகப் படர்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் கொடி எழும்பும், தை கழிந்தால் தேடினாலும் கிடைக்காது. இலைகளை அடுக்கிச் சுருட்டி, புகையிலை அரிவதுபோல மெல்லிதாக அரிந்து, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்த சட்டியில் போட்டு இரண்டு பிரட்டு. பச்சை நிறம் மாறுவதற்குள் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் இறக்கிய பிறகுதான். சொதிக்கு வெந்தயம் சற்றுத் தூக்கலாகப் போட்டேன். தேங்காய் விலை ஏறிய நாளிலிருந்து ஒரு தேங்காயைப் புட்டுக்கும் வறைக்கும் சொதிக்கும் பங்கிட்டுத்தான் செலவழிக்கிறோம், அதனால் சொதி கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

பாசையூர்த் தம்பி | புதன், இரவு 8.24

அக்கா, எங்கள் வீட்டில் பாணும் இறால் கறியும்.

வாடைக்காற்று பிடித்துவிட்டால் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடல் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். எங்களுக்குக் களப்பு இருக்கிறது. மழை வெள்ளம் களப்புக்குள் இறங்கத் தொடங்கினால் இறால் ஓடும். களப்பில் தடி நட்டு வலை கட்டும் களங்கட்டிக்காரர்களுக்கு இதுதான் காலம். இன்றைக்கு வந்ததில் பெரியதெல்லாம் கொம்பனிக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன விரல் அளவு இறால் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் தலையோடு கழுவி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரிக்காயும் போட்டுத் தடித்த குழம்பாக வைத்தார். இறால் தலையில் இருக்கும் நெய் கத்தரிக்காயில் இறங்கினால் வேறு எதுவும் வேண்டாம். ஐந்து மணிக்குப் போறணையிலிருந்து இறங்கிய பாண், இன்னும் சூடாக இருந்தது. பிய்த்துப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம்.

இணுவில் மாமி | புதன், இரவு 8.31

பிள்ளை, நல்ல விஷயம் தொடங்கியிருக்கிறாய். நான் படுக்கப்போகும் நேரம், சுருக்கமாக எழுதுகிறேன். எங்களுக்குத் திருவெம்பாவை தொடங்கியதிலிருந்து மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்கும்போது குளித்து முடித்து நிற்க வேண்டும், அதனால் இரவுச் சாப்பாடு ஏழு மணியோடு சரி.

இன்று மொசுமொசுக்கை ரொட்டி. மாமாவுக்கு இந்தக் கூதலில் சளி பிடித்து நெஞ்சு இழுக்கிறது. இலையை அம்மியில் அரைத்து அரிசிமாவோடு குழைத்து, நல்லெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மெல்லிதாகத் தட்டிச் சுட்டேன். தொட்டுக்கொள்ள உள்ளிச் சம்பல். படுக்கும் முன் மல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு அவித்த தண்ணீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. சீனி போட்டால் அதன் குணமே போய்விடும்.

இரவுப்பணித் தாதி | புதன், இரவு 8.52

இரவுக் கடமை. வாசலடிக் கடையில் இடியப்பப் பார்சல், பருப்பும் சம்பலும். சாப்பிடுவதற்குப் பத்து மணி ஆகும், அதற்குள் சொதிப் பை ஆறிவிடும். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எழுதுங்கள்.

அதிகாலை அடுப்பு | புதன், இரவு 9.06

தாதித் தங்கச்சி, நீங்கள் சாப்பிடப்போவது யாருடைய இடியப்பமோ தெரியாது, ஆனால் என்னைப்போல ஒருத்தி தன் வீட்டு அடுப்பில் அவித்ததாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்கும் இடியப்பத்தில் பெரும்பாலானது கடையில் செய்வதில்லை. வீடுகளில் பெண்கள் அவித்துக் கொடுக்கிறோம். நான் இரண்டு கடைக்குக் கொடுக்கிறேன், விடியவும் பின்னேரமும்.

மழை பெய்தால் கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள், ஏனென்றால் சனம் சமைக்கப் பஞ்சிப்படும். ஆனால் மழையில்தான் மாவும் சொல்வழி கேட்காது. வெயில் காலத்தில் வறுத்து அரித்து டின்னில் போட்ட மா மாதக்கணக்கில் இருக்கும். மார்கழியில் மூடியைத் திறந்து நான்கு நாளானால் ஈரம் குடித்துவிடும். அந்த மாவுக்கு வழக்கமான தண்ணீர் விட்டால் குழைந்து உரலில் ஒட்டும். அதனால் நான் பிழியும் முன் மாவைத் திரும்பவும் வெறுஞ்சட்டியில் சூடு காட்டுகிறேன். கையில் எடுத்து விட்டால் மணல்போலச் சிந்த வேண்டும், அதுதான் பதம். பிறகு நன்றாகக் கொதித்த உப்புத்தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில் குழையல். மா ஆறினால் உரலை அழுத்தத் தோள்மூட்டு கழன்றுவிடும். நூல் அறாமல் தட்டில் வட்டமாக விழுவதும் அந்தச் சூட்டில்தான்.

விறகுதான் அடுத்த பாடு. எரிவாயுவுக்கு இந்தத் தொழில் கட்டாது. புரட்டாதியிலேயே ஊமலும் தென்னம் மட்டையும் பொச்சும் சேர்த்து அடுப்படிப் பறணில் ஏற்றிவிடுவேன். அடுப்புப் புகை படப்படக் காய்ந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு, கடையிலிருந்து திரும்பி வந்த இடியப்பம். உடைத்து உதிர்த்து, கோவாவும் கரட்டும் சீவிப் போட்டு, இரண்டு முட்டையும் உடைத்து ஊற்றிப் பிரட்டினேன். மிளகு நிறைய. பிள்ளைகளுக்கு இடியப்பமாக வைத்தால் வேண்டாம் என்பார்கள், பிரட்டலாக வைத்தால் சட்டியை வழிப்பார்கள்.

கோண்டாவில் அக்கா | புதன், இரவு 9.15

அதிகாலை அடுப்பு, நான் வாரத்தில் பாதி நாள் கடை இடியப்பம் வாங்குகிறவள். அந்தத் தட்டுக்குப் பின்னால் இத்தனை கைவேலை இருக்கிறது என்பதை எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவை அச்சில் எடுத்து வைக்கப்போகிறேன்.

கரவெட்டி மாஸ்டர் | புதன், இரவு 9.33

எங்கள் வீட்டில் தோசை. மத்தியானம் அரைத்த உழுந்து இந்தக் குளிரில் புளிக்கவில்லை. மாவுச் சட்டியை அடுப்படியில் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தும் பொங்கவில்லை. ஆனாலும் சுட்டோம். தட்டையாகத்தான் வந்தது. செத்தல் மிளகாய்ச் சம்பல் அதைக் காப்பாற்றியது.

பாசையூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் இறால் கறியை வாசிக்கவே பசிக்கிறது, ஆனால் அதைப் பாணோடு சாப்பிட்டதில் எனக்குக் கவலை. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. கப்பலில் வரும் மாவை நம்பி இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் கப்பல் நிற்கிறபோது என்ன செய்வது? 1973, 74 இல் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற தலைமுறை நான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடியது, 2022 நெருக்கடி, எல்லாவற்றிலும் முதலில் விலை ஏறியது மாவும் எரிபொருளும்தான். குரக்கனும் அரிசியும் பனையும் எங்களிடம் எப்போதும் இருந்தன. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. இரவுக்குப் பாண் என்பது யாழ்ப்பாணத்தில் வழக்கமாகிக்கொண்டு வருவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

பாசையூர்த் தம்பி | புதன், இரவு 9.47

மாஸ்டர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளையும் பாருங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு வலை இழுக்கப் போகிறவன் பின்னேரம் வந்து விழுகிறான். பெண்கள் இறால் துப்புரவாக்கும் வேலைக்குப் போய் ஐஸ் தண்ணீரில் விறைத்த கையோடு வருகிறார்கள். அவர்களிடம் போய் மா வறு, அவி, கொத்து என்று எப்படிச் சொல்வது? பாண் அந்தக் கைகளுக்கு ஓய்வு. கறி எங்கள் கடலில் வந்தது, கத்தரிக்காய் எங்கள் மண்ணில் வந்தது. பாண் அதை ஏந்திக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

கரவெட்டி மாஸ்டர் | புதன், இரவு 9.58

ஐஸ் தண்ணீரில் விறைத்த கை என்று எழுதினீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பான் | புதன், இரவு 10.20

நான் திருநெல்வேலியில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அறையில் ஒரு மின் அடுப்பு மட்டும்தான். நூடில்ஸும் அவித்த முட்டையும் சாப்பிட்டேன். இந்த இழையை வாசித்துவிட்டுப் படுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் இந்த மழைக்குப் புட்டும் எருமைத் தயிரும் சீனியும் போட்டுப் பிசைந்து அம்மா தருவார். இங்கே வீட்டுக்கார அம்மம்மா சில இரவுகளில் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். இன்று அவருக்கும் காய்ச்சல். நாளை நான் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். மின் அடுப்பில், ஒரே சட்டியில் ஆகக்கூடியது எதையாவது சொல்லுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து | வியாழன், காலை 5.40

இங்கே கனடாவில் புதன் இரவு ஏழு மணி. வெளியே மறை 14 பாகை, கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டித்தான் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் 22, 23 பாகைக்குக் கூதல் என்று எழுதுவதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் இருந்த காலத்தில் அந்த வாடையில் நானும் போர்வையைத் தலைவரை இழுத்திருக்கிறேன். ஓட்டு வீட்டுக்குள் சூடாக்கி கிடையாது, காற்று நேரே எலும்புக்குள் போகும்.

எங்கள் வீட்டில் இன்று அரிசிமாப் புட்டும் டின் மீன் குழம்பும். உறையவைத்த தேங்காய்ப்பூவைக் கொதிநீராவியில் இளக்கி எடுத்தேன். மனைவிக்குப் பின்னேர வேலை, நானும் மகளும் மட்டும். குழம்புக்குப் பழப்புளி கரைத்து, இறக்கும்போது யாழ்ப்பாணத்துத் தூள் அரைக் கரண்டி மேலே தூவினேன். வீடு முழுக்க வாசம், மகள் யன்னலைத் திறக்கச் சொன்னாள். குளிருக்குப் பயந்து திறக்கவில்லை.

ஒரு கேள்வி. அலுமாரியில் ஒரு பை ஒடியல் மா, காயவைத்த பனங்கிழங்கு மா, இருக்கிறது, அக்கா அனுப்பியது. அதை இரண்டு பேருக்கு, ஒரு வாரநாள் இரவில், கூழாகக் காய்ச்ச முடியுமா? உறையவைத்த இறாலும் கணவாயும் இங்கே கிடைக்கும். விருந்துக்கான அளவு வேண்டாம்.

இணுவில் மாமி | வியாழன், காலை 6.25

தம்பி, கூழ் இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. முற்றத்தில் பெரிய பானை வைத்து, ஒருத்தர் மரவள்ளி உரிக்க, ஒருத்தர் பலாக்கொட்டைக் கோது நீக்க, இன்னொருத்தர் பலாவிலையை ஈர்க்கால் குத்திக் கோலித் தர, எல்லோரும் சுற்றி இருந்து குடித்தால்தான் கூழ். பத்துப் பேருக்குக் குறைந்தால் பானை கொதிக்கவே மனம் வராது. நீ புட்டை அவி, அது நல்லது. ஒடியல் மாவிலேயே புட்டு அவிக்கலாம்.

பாசையூர்த் தம்பி | வியாழன், காலை 10.05

மாமி சொல்வது பெரிய கூழ். எங்கள் வீட்டில் சின்னக் கூழ் வைப்போம், விற்காத மீன் மிஞ்சிய இரவுகளில். அண்ணா, அளவைச் சொல்கிறேன்.

ஒடியல் மா நான்கு மேசைக்கரண்டி. வேலைக்குப் போகும் முன் காலையிலேயே நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பின்னேரம் வந்ததும் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வார்த்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு, இன்னொருமுறையும் தெளியவைத்து ஊற்றுங்கள். ஒடியலின் கசப்பு அந்தத் தண்ணீரோடு போகிறது, இதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

செத்தல் மிளகாய் ஆறு, மிளகு அரைத் தேக்கரண்டி, உள்ளி நான்கு பல், மஞ்சள் கொஞ்சம், எல்லாவற்றையும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பழப்புளி அரைத் தேசிக்காய் அளவு எடுத்துக் கரையுங்கள்.

ஐந்து கோப்பைத் தண்ணீர் கொதிக்க, ஒரு பிடி அரிசி, நறுக்கிய மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை கிடைத்தால் அதுவும். அரிசி பாதி வெந்ததும் மீன் தலை அல்லது நண்டுக் கால், ஐந்து நிமிடம் கழித்து இறால். கணவாயைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் இறப்பர்போல ஆகிவிடும். அரைத்த கூட்டையும் புளியையும் விட்டு ஒரு கொதி. பிறகு ஊறிய மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நெருப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நில்லுங்கள். முருங்கை இலை கிடைக்காவிட்டால் அங்கே உள்ள கீரை ஏதாவது. மொத்தம் முக்கால் மணித்தியாலம். கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு.

கரவெட்டி மாஸ்டர் | வியாழன், முற்பகல் 11.20

கூழைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், இணுவில் மாமி மன்னிக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்து வந்தது எல்லோருக்கும் தெரியும். பெரும்பகுதி தென்மராட்சியில் தங்கியது, மிச்சப் பேர் எங்கள் வடமராட்சிக்கும் வந்தார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு குடும்பங்கள், மாட்டுக் கொட்டிலில் இன்னொன்று. கார்த்திகை, மார்கழி முழுக்க அப்படித்தான். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் ஒரு பஞ்சுத் துண்டில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்குதான் அடுப்படிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும்.

அந்த மாரியில் என் அம்மா இரவில் அதிகம் காய்ச்சியது கூழ். ஏன் கூழ் என்றால், அரிசி ஒரு பிடிதான் வேண்டும், மீன் நான்கு சின்னத் துண்டு போதும், மிச்சத்தை ஒடியலும் கிழங்கும் பார்த்துக்கொள்ளும். இன்னும் ஒரு குடும்பம் வந்து வாசலில் நின்றால் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு கரண்டி மாவும் கூட்டினால் சரி. புட்டை அப்படி நீட்ட முடியாது. மீன் இல்லாத நாள்களில் கருவாடு போட்டார். கருவாடும் இல்லாத நாளில் கீரை மட்டும். பலாக்கொட்டையை ஆனி, ஆடியிலேயே மணலுக்குள் புதைத்து வைத்திருந்தார், அது கடைசிவரை வந்தது. அந்த ஒடியல்கூட அதற்கு முந்திய மாசி வெயிலில் அவர் கிழித்துக் காயப்போட்டது. மார்கழியில் கிளறும் புதுக் கிழங்கு அவித்துச் சாப்பிடத்தான் ஆகும். அது ஒடியலாகி மாவாக அடுத்த மழைவரை காத்திருக்கும்.

கூழுக்கு நண்டும் கணவாயும் பெரிய மீனும் போட்டு விருந்தாக்கியது வசதி வந்த பிறகு. அதில் குறை இல்லை, எனக்கும் அந்தக் கூழ் விருப்பம்தான். ஆனால் கூழ் வாரநாள் சாப்பாடு இல்லை என்று சொன்னால் என் அம்மா அந்த மாரியில் காய்ச்சியதற்கு என்ன பெயர்? ஸ்காபரோத் தம்பி, நீங்கள் இரண்டு பேருக்குக் காய்ச்சுங்கள். பனை எங்களுக்கு அதற்காகத்தான் இருந்தது.

அதிகாலை அடுப்பு | வியாழன், பிற்பகல் 1.10

மாஸ்டர், அந்த மாரியில் நான் கைக்குழந்தையாகச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தேன் என்று அம்மா சொல்வார். அங்கேயும் இரவில் கஞ்சிதான், பெரிய கிடாரத்தில். யார் வீட்டு அரிசியோ, யார் வீட்டு உப்போ. உங்கள் அம்மாவைப்போல எத்தனை பேர் காய்ச்சினார்களோ, அவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இணுவில் மாமி | வியாழன், பிற்பகல் 3.40

மாஸ்டர், வாசித்தேன். எங்கள் குடும்பமும் அந்த இரவு நடந்ததுதான். மட்டுவிலில் ஒரு வீட்டில் இடம் தந்தார்கள்.

ஸ்காபரோத் தம்பி, காய்ச்சு. மரவள்ளி போடும்போது பானையை மூடாதே, அதோடு இஞ்சியும் சேர்க்காதே. எங்கள் ஊரில் கிழங்குக்கு இஞ்சி ஆகாது. வெள்ளிக்கிழமையோ விரத நாளோ என்றால் மச்சம் இல்லாமலும் காய்ச்சலாம்: பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், வாழைக்காய், கீரை. மிளகையும் உள்ளியையும் கூட்டு. மீன் தரும் இனிப்புக்குப் பதிலாகக் கொஞ்சம் பூசணி போடு, ஆனால் குறைய.

மட்டக்களப்பான் தம்பி, உன் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. காய்ச்சல்காரிக்கு ஒரே சட்டியில் என்றால் உள்ளிக் கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி அரைச் சுண்டு கழுவி, ஒரு முழு உள்ளி உரித்துப் போட்டு, வெந்தயம் கால் தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு சிட்டிகை. அரிசி கரையும்வரை அவியவிடு. இறக்கும்போது தேங்காய்ப்பால் அரைக் கோப்பை விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கு. பால் கொதித்தால் திரையும். உப்பு அளவாக. ஊறுகாய் வேண்டாம்.

மட்டக்களப்பான் | வியாழன், இரவு 7.55

மாமி, செய்தேன். அம்மம்மா ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார், இரண்டாவது கிண்ணத்தில் பாதி. "ஆர் மோனை சொல்லித் தந்தது?" என்று கேட்டார். இணுவிலில் ஒரு மாமி என்றேன். மிச்சத்தை நான் சாப்பிட்டேன், அதுதான் இன்றிரவுச் சாப்பாடு. எனக்கும் ஒடியல் மா வாங்க வேண்டும், எங்கே போவது?

கோண்டாவில் அக்கா | வியாழன், இரவு 8.20

தம்பி, பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் கேளுங்கள், அல்லது சனிக்கிழமை கொடிகாமம், சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் போனால் வீட்டில் இடித்தது வாங்கலாம். வாங்கும்போது கிள்ளி மணந்து பாருங்கள். பூஞ்சண வாசம் இருந்தால் வேண்டாம். இந்த மாதத்தில் கிடைப்பது கடந்த மாசியில் காய்ந்தது, ஆகவே மழைக்கு எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டின்னில் போட்டு இறுக மூடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்று மிச்சச் சோற்றைத் தாளித்துப் புளிச்சாதம், அப்பளம், அவித்த முட்டை. கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மழை விட்டிருக்கிறது, ஆனால் காற்று கூடிவிட்டது.

இரவுப்பணித் தாதி | வியாழன், இரவு 8.41

இன்று விடுமுறை. அம்மா வைத்த கீரிமீன் சொதியும் இடியப்பமும். மாங்காய் இல்லாததால் புளிக்குத் தக்காளி. சூடாகச் சாப்பிட்டேன்.

ஸ்காபரோவிலிருந்து | வெள்ளி, காலை 6.30

காய்ச்சினேன். பாசையூர்த் தம்பி சொன்ன அளவுதான். மரவள்ளி உறையவைத்தது, பயற்றங்காய்க்குப் பதில் இங்கே விற்கும் பச்சை போஞ்சி, முருங்கைக்குப் பதில் பசளி. பலாவிலைக்கு வழியில்லை, கோப்பையில் குடித்தோம். மகள் முதலில் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பிறகு இறாலை மட்டும் எடுத்தாள், பிறகு தேங்காய்ச் சொட்டோடு ஒரு கோப்பை குடித்தாள். உறைப்பில் மூக்கு ஓடியது, ஆனாலும் வைக்கவில்லை. மனைவி பதினொரு மணிக்கு வருவார், அவருக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே பார்க்கிறேன், கூழ் இறுகிக்கொண்டு வருகிறது. சூடாக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பாசையூர்த் தம்பி | வெள்ளி, காலை 6.48

இறுகத்தான் செய்யும் அண்ணா, ஒடியல் அப்படித்தான். பச்சைத் தண்ணீர் விடாதீர்கள், கட்டி கட்டியாகப் பிரியும். கொதிநீர் முக்கால் கோப்பை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சிறு நெருப்பில் கிண்டுங்கள். தண்ணீர் கூடியதால் உப்பும் புளியும் குறைந்திருக்கும், ருசி பார்த்துக் கூட்டுங்கள். கணவாய் இருந்தால் சூடாக்கும் முன் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் சேருங்கள்.